காலித் தொட்டிக்குப் போட்ட சுவிட்ச்

பழுது எங்கே இருக்கிறது என்று சங்கரநயினாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தேடுகிறார், அதுதான் கூத்து. ஆர்.வி. என்று மாப்பிள்ளை வாய்நிறையச் சொல்லும் அந்த வீட்டு வண்டியின் விலாப்பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரக் கதவு. அதைத் திறந்துவைத்து, பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, கழுத்தில் மப்ளரும் கையில் ஸ்க்ரூடிரைவருமாக வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் தட்டுகிறார், குனிகிறார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார், ‘ம்ம்’ என்கிறார். அந்த ‘ம்ம்’ யாருக்கு? ஜன்னலுக்கு. ஜன்னலுக்கு உள்ளே சம்பந்தியம்மா, மாப்பிள்ளையைப் பெற்ற சொர்ணத்தம்மாள், உச்சியிலிருந்து நல்லெண்ணெய் வழிய, தோளில் பழைய துண்டோடு வெந்நீருக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை. போன வெள்ளி பயண ஏற்பாட்டிலேயே போயிற்று, இந்த வெள்ளியும் விட்டால் கண் எரிச்சல் தாங்காது என்று மிளகு போட்டு எண்ணெய் காய்ச்சி, தேய்த்தும் ஆயிற்று. தேய்த்த பிறகுதான் குழாயைத் திறந்தார்கள். ஐஸ் மாதிரி பச்சைத் தண்ணீர் வந்தது. தொட்டிக்குள்ளே சூடேற்றுகிற கம்பி, எலிமெண்ட் என்பார்களே, அது கருகிப் போயிருக்கிறது. கருக்கியது யார்? தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது, காலை ஆறு மணிக்கு எழுந்து சுவிட்சைப் போட்ட மகானுபாவர் யார்? இந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். திட்டு வாங்குவது யார்? அவர் மகள் கோமதி. “உங்கிட்டதான கோமதி வண்டி வாடகைக்குக் குடுத்த அந்த ஆளு மூணு தரம் சொன்னான்? நீதான எழுதி வச்சுக்கிட்ட?” என்று மாப்பிள்ளை ராஜவேலின் குரல் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கிறது. எழுந்து போய், ‘நான்தான் மாப்பிள்ளை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு என்ன பாறாங்கல்லா, புரட்ட முடியாமல் கிடக்க? இந்த மூடியில் நாலு திருகாணி. நாலையும் கழற்றியதும் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் மூன்றாவதைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கெட்ட எண்ணத்திலா போட்டார்? நினைத்துப் பார்த்தால் அழுகைதான் வருகிறது. அமெரிக்காவுக்கு வந்து மூன்று வாரம். மூன்று வாரமாக அவருக்கு ஒரே வேலை, ரெஸ்ட். ‘மாமா நீங்க ரெஸ்ட் எடுங்க, அப்பா நீங்க ரெஸ்ட் எடுங்க.’ பாத்திரம் கழுவ ஒரு மிஷின், துணி உலர்த்த ஒரு மிஷின், தரையைக் கூட்ட ஆமை மாதிரி ஊர்கிற இன்னொரு மிஷின். எதையும் தொடக்கூடாது. சம்பந்தியம்மா பரவாயில்லை, வந்த மறுநாளே அடுப்படியைப் பிடித்துக்கொண்டு, சொதியும் புளிக்கறியும் வைத்து மகன் வாயில் பேர் வாங்கிக்கொண்டார். நாம் என்னத்துக்கு இருக்கிறோம், தெண்டத்துக்குத் தின்கிறோமே என்று இருந்தது. அதனால்தான், இன்றைக்கு விடியுமுன்னே விழித்துக் கிடந்தபோது, அந்த அம்மாளுக்கு வெந்நீராவது போட்டு வைப்போமே என்று எழுந்தார். கோவில்பட்டி வீட்டில் முப்பது வருஷமாக அப்படித்தான். எழுந்ததும் கீசர் சுவிட்ச், அப்புறம்தான் பல் விளக்கல். மாடியில் டாங்க் இருக்கிற வீட்டில் கீசர் காலியாக இருக்குமா? ஒருநாளும் இருக்காது. கை தன்னாலே போய்ப் போட்டுவிடும், மூளைக்கு அதில் ஜோலி இல்லை. ஆனால் இது வீடா? வண்டி. ராத்திரி உறைபனிக்குக் குழாய் வெடித்துவிடும் என்று ராஜவேல், இப்படி வண்டிகளை நிறுத்தித் தங்குகிற இந்தத் திடலின் தண்ணீர்க் குழாயை வண்டியோடு மாட்டவே இல்லை, விடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். இவர் எதிரேதான் சொன்னார். இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கு முந்தி, வண்டியை வாடகைக்குக் கொடுத்த அந்தத் தொப்பிக்காரன், பாக்கு மெல்லுகிற மாதிரி இங்கிலீஷை மென்று மென்று, இந்தத் தகரக் கதவுக்கு முன்னாலேயே நின்று விளக்கினான். இவர் காதில் ‘வாட்டர்’ விழுந்தது, ‘ஃபர்ஸ்ட்’ விழுந்தது, ‘நெவர், நெவர்’ என்று இரண்டு தரம் விழுந்தது. மீதி விழவில்லை. கோமதி காகிதத்தில் குறித்துக்கொண்டாள். ‘என்னம்மா சொல்லுதான்?’ என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் குறைந்தா போய்விடும்? குறைந்துவிடும் என்றுதான் நினைத்தார். மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம், போர்மேனாக ஓய்வு பெற்றவன், ஒரு வெந்நீர்த் தொட்டிக்கு மகளிடம் அர்த்தம் கேட்பதா? எல்லாரையும்விடப் பெரிதாகத் தலையை ஆட்டினார். தொப்பிக்காரன்கூட இவரைப் பார்த்துத்தான் பேசி முடித்தான், இந்தப் பெரியவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று.

அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச். ஒன்று கேஸ், ஒன்று கரண்ட். கேஸ் நமக்கு ஆகாது, கரண்ட் நம்ம சொந்தக்காரன் என்று கரண்ட் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மனசு குளிர்ந்தது என்றால் அப்படிக் குளிர்ந்தது. பிறகு பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறபோது சுவருக்குள்ளே ‘டிக்’ என்று ஒன்று கேட்டது. காய்ந்த சட்டி வாடை ஒன்று வந்தது, லேசாக. புது வண்டி, பிளாஸ்டிக் வாடையாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்தாரா? அப்போதே தெரிந்துவிட்டதா? இங்கேதான் அவருக்குச் சிக்குகிறது. அந்த வாடையை முப்பத்துநாலு வருஷம் மோந்தவர். இன்ன ஊர் டிரான்ஸ்பார்மர் என்று வாடையைக் கொண்டே சொல்லுவார் என்று ஆபீசில் கேலி பண்ணுவார்கள். அந்த மூக்கா பிளாஸ்டிக் என்று சொல்லும்? மூக்கு சொல்லவில்லை, இவர்தான் மூக்குக்குச் சொல்லிக்கொடுத்தார். இல்லை இல்லை, அந்த நேரத்துக்கு உண்மையாகவே தெரியவில்லை, தூக்கக் கலக்கம். தூக்கக் கலக்கமா, இரண்டு மணியிலிருந்து கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு? நாலாவது திருகாணி கை தவறிக் கீழே விழுந்து புல்லுக்குள் போயிற்று. அதைத் தேடுகிற சாக்கில் இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்தது.

சொல்ல ஒரு நேரம் இருந்தது. நல்ல நேரம். ஏழரை மணிக்கு ராஜவேல் வெளியே போய்க் குழாயை மாட்டித் தண்ணீரைத் திறந்து, உள்ளே வந்து, சுவிட்சைப் பார்த்து, “இதை யாரு போட்டது?” என்று கேட்டாரே, அதுதான் அந்த நேரம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சும்மா கேட்டார். இவர் வாயில் பேஸ்ட் நுரை. ஆறு மணிக்குப் பிதுக்கிய பேஸ்ட்டா ஏழரைக்கும் வாயில் இருக்கும் என்று கேட்காதீர்கள். அப்போது பிதுக்கி வைத்துவிட்டு, வாடைக்கு மனசு கேட்காமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, இப்போதுதான் பிரஷை வாயில் வைத்தார். நுரையைத் துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று வாஷ்பேசினண்டை குனிந்தார். துப்புவதற்குள் ராஜவேல், “கோமதி, நீயா?” என்று கேட்டுவிட்டார். “நான் போடலையே,” என்றாள் அவள். சொல்லிக்கொண்டே திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். வாயோரம் வெள்ளையாக வழிய, கையில் பிரஷோடு, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். “பின்ன யாரு, அம்மாவா? அம்மாவுக்கு அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது,” என்றார் ராஜவேல். இவர் பேரைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? இவருக்குத் தெரியாததா, இவர் செய்வாரா என்கிற மரியாதை. அந்த மரியாதையை நுரையோடு சேர்த்து விழுங்கினார் சங்கரநயினார். தொண்டை எரிந்தது. அவள் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறார். கோபம் இருந்தால் தேவலை. இல்லையே. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏதாவது ஒரு சாக்குச் சொன்னால் அவள் அம்மா பார்ப்பாளே, சரி விடு என்று, அதே பார்வை.

“ஸ்டவ்ல வச்சுச் சுட வச்சுத் தாரேன் அத்தை,” என்கிறாள் கோமதி உள்ளே. “அந்தச் சொம்பளவு பாத்திரத்தில எத்தனை தரம் வைப்ப? அம்மா முடிக்கு நாலு வாளியாவது வேணும்,” என்கிறார் ராஜவேல். “பக்கத்துல குளிக்கிற இடம் இருக்குன்னியே ஐயா?” என்கிறார் சொர்ணத்தம்மாள். “பெயின்ட் அடிக்காங்கன்னு பூட்டிருக்கும்மா.” அப்புறம் ஒரு தும்மல். சம்பந்தியம்மாவின் தும்மல். ஒன்று, இரண்டு. எண்ணெய்த் தலை, இந்தக் குளிர், அறுபத்தெட்டு வயசு, போன மார்கழியில் நெஞ்சுச் சளி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த உடம்பு. ஒவ்வொரு தும்மலும் சங்கரநயினாரின் முதுகில் விழுந்தது. கருவிப் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். கரண்ட் கம்பியைப் பிடுங்கியாயிற்றா என்று ஒரு தரம் பார்த்தார், இரண்டு தரம் பார்த்தார். இப்போது பார்த்து என்ன? மீட்டரின் இரண்டு முனையையும் எலிமெண்டின் இரண்டு காதில் வைத்தார். நல்ல கம்பியானால் ‘பீப்’ என்று கத்தும். கத்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். கத்தவில்லை. மீட்டர் சரியில்லையோ என்று இரண்டு முனையையும் ஒன்றோடொன்று சேர்த்தார், நன்றாகக் கத்தியது. அந்தச் சத்தம் உள்ளே கேட்டு, “மாமா, ஏதாவது தெரிஞ்சுதா?” என்று ராஜவேல் வெளியே வந்துவிட்டார்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் இவர் வாய் சும்மா இருக்கவில்லையே. பேச்சு பல்லக்கிலே போகும், தம்பி கால்நடையிலே போவான் என்று அவர் ஆத்தா சொல்லுவாள். ராஜவேல் ஆசையாகக் கேட்கக் கேட்க, கழுகுமலை செக்ஷன் கதை எல்லாம் வந்தது. லைனில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று பார்க்காமல் சுவிட்சைப் போடப் போன ஒயர்மேனை இவர் பிடரியில் ஒன்று போட்டு, “பாத்துட்டுப் போடணும்லே, போட்டுட்டுப் பாக்கக்கூடாது” என்று சொன்ன கதை. ராஜவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். “என்ன ஒரு வார்த்தை மாமா! எங்க ஆபீசில எழுதி ஒட்டணும்.” ஒட்டத்தான் ஒட்டினார், இன்று காலையில், கோமதியின் நெற்றியில். “மாமா நேத்துதான சொன்னாங்க, பாத்துட்டுப் போடணும்னு? அவங்க மகதான நீ?” இவர் காது கேட்கவே கேட்டார். இவருடைய சொந்தச் சரக்கு. இப்போது அந்த மனுஷன் பக்கத்தில் வந்து குனிந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பாவம், கெட்ட பிள்ளை இல்லை. இரண்டு நாளாக இந்த ரயில்பெட்டி அளவு வண்டியை மலைப்பாதையில் ஓட்டிக் கண் சிவந்திருக்கிறது, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அந்தப் பயம்தான் பெண்டாட்டி மேல் பாய்கிறது. “தெர்மோஸ்டாட்டா இருக்கலாம் மாப்பிள்ளை, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்,” என்றார் சங்கரநயினார். பொய் எவ்வளவு சுத்தமான இங்கிலீஷில் வருகிறது பாருங்கள். ராஜவேல் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இல்ல மாமா, கோமதி தண்ணி ரொம்புறதுக்கு முந்தியே சுவிட்சைப் போட்டுட்டால்ல? அதுல எலிமெண்ட் போயிருக்குமோ?” கடவுளே, கதவைத் திறந்துவைத்து உள்ளே வா வா என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு கேள்வி. ஆமா மாப்பிள்ளை, ஆனா போட்டது அவ இல்ல. இவ்வளவுதான். வாயைத் திறந்தார். “அப்படியும் இருக்கலாம்,” என்றார்.

அப்படியும் இருக்கலாம். மூடியை மறுபடி எடுத்தார், வைத்தார். அப்படியும் இருக்கலாம். ராஜவேல் உள்ளே போய், “மாமாவே சொல்லிட்டாங்க, அதுனாலதான் போயிருக்கும்னு,” என்று சொல்வது கேட்டது. இதுவரை நடந்தது வேறு, இது வேறு. இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தார், வாயில் நுரை, பேச முடியவில்லை, நேரம் வாய்க்கவில்லை என்று என்னத்தையாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போது வாயைத் திறந்து மகளைக் காட்டிக்கொடுத்தாயிற்று. செய்யாத குற்றத்துக்குக் காட்டிக்கொடுத்தாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது தன் சோற்றில் மறைப்பான், இவர் மகள் இலையில் கொண்டுபோய் மறைத்திருக்கிறார். சீ, என்ன ஜென்மம்! கல்யாணத்தன்று கோமதியின் கையைப் பிடித்து ராஜவேல் கையில் கொடுக்கும்போது, “எம்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, தப்புப் பண்ணினா எங்கிட்ட சொல்லுங்க” என்று சொன்னார். சபையில் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். ஏன் அப்படிச் சொன்னார்? எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, ஒன்றும் தெரியாது என்று ஏன் சொன்னார்? பெண்ணைப் பெற்றவன் அப்படிச் சொல்லவேண்டும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள், சொன்னார். அன்றைக்கே பழியைப் போட ஒரு ஆளைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டார் போல. குளிரில் விரல் நுனி மரத்துப்போயிருந்தது. வாயில் வைத்து ஊதிக்கொண்டார்.

ஊதும்போது கிரைண்டர் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றுதான் இருந்தார், வந்துவிட்டது. கோமதிக்கு ஒன்பது வயசு இருக்கும். புது கிரைண்டர், சீட்டுப் பணத்தில் நாச்சியார் ஆசை ஆசையாக வாங்கினது. இவர் மனைவி நாச்சியார் அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துத்தான் முதல் மாவே அரைத்தாள். பியூஸ் போயிற்று என்று ஒருநாள் இவர் மாற்றினார். கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிட்டார், மோட்டார் திணறினாலும் அறுந்து காப்பாற்றாத கம்பி. ஆபீசில் அப்படிச் சுற்றினவனைக் கிழித்துத் தோரணம் கட்டுவார், வீட்டில் இவரைக் கேட்க யார்? மூன்றாம் நாள் மோட்டார் புகைந்து போயிற்று. “அரிசி ரொம்பப் போட்டுட்டியோ?” என்று கேட்டார். கேட்டதுதான். அவ்வளவுதான். “ஆமா, அரைப்படி கூடப் போட்டுட்டேன் போல,” என்றாள் நாச்சியார், முகம் வெளிறி. அதற்குப் பிறகு அவள் சாகிறவரைக்கும் அக்கா தங்கச்சி, அடுத்த வீடு, வந்தவர் போனவர் எல்லாரிடமும், “எனக்கும் மிஷினுக்கும் ஆகாது, எங் கை பட்டா கெட்டுப்போகும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மிக்ஸியைக்கூடப் பயந்து பயந்துதான் தொடுவாள். பதினெட்டு வருஷம். ஒருநாள், ஒரு ராத்திரி, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பத்து நாளில் ஒரு நாளாவது, ‘ஏட்டி, அது நான் சுத்தின கம்பிதான்’ என்று சொல்ல வாய் வந்ததா? சொன்னால் சிரித்திருப்பாள். சத்தியமாகச் சிரித்திருப்பாள். அதைக்கூடக் கொடுக்கவில்லை அவளுக்கு. அன்றைக்கு, மோட்டார் புகைந்த அன்றைக்கு, கோமதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பியூஸ் கம்பியைச் சுற்றும்போது டார்ச் லைட் பிடித்ததே அவள்தான். சங்கரநயினார் தலையைத் தகரக் கதவில் இடித்துக்கொண்டார். வலித்தது, நல்லது என்று இருந்தது.

“அப்பா,” என்று பின்னால் ஒரு குரல். கோமதி. கையில் காப்பி இல்லை, திட்டு இல்லை, ஒரு சின்ன பிரஷ், தண்ணீர் பாட்டிலின் உறிஞ்சு குழாயைக் கழுவுகிற ஒல்லிப் பிரஷ். “கேஸ்ல போட்டுப் பாத்தீங்களாப்பா? நான் உள்ள போட்டுப் பாத்தேன். டிக் டிக்குங்குது, பத்தமாட்டேங்குது. கேஸ் வருத குழாய்க்குள்ள எட்டுக்கால் பூச்சி கூடு கட்டிரும்னு அந்த ஆளு சொன்னான். எழுதிருக்கேன்.” பிரஷை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். எலிமெண்ட் போனால் என்ன, இதே தொட்டியைக் கேஸிலும் சுட வைக்கலாம் என்று இவ்வளவு நேரம் இவர் மூளைக்கு எட்டவே இல்லை. எப்படி எட்டும்? மூளை முழுக்க ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்ததே. “கோமதி,” என்றார். “சொல்லுங்க.” “இல்ல... நீ உள்ள போம்மா, குளிரு.” அவள் கொஞ்சம் நின்றாள். போய்விட்டாள். சிலிண்டரை அடைத்துவிட்டு, கீழே ஓடுகிற விரல் தடிமன் குழாயின் வாய்க்குள் பிரஷை விட்டுத் திருகினார். பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு கூடு, இரண்டு காய்ந்த பூச்சி, கொஞ்சம் மண் எல்லாம் வந்தது. ஊதினார். சிலிண்டரைத் திறந்தார். “மாப்பிள்ளை, கேஸ் சுவிட்சைப் போடுங்க!” என்று குரல் கொடுத்தார். டிக் டிக் டிக். ‘புஸ்’ஸென்று நீலமாகப் பற்றிக்கொண்டு, அடுப்பு உறுமுகிற சத்தத்தோடு நின்று எரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் தண்டனை. ராஜவேல் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “மாமா! நீங்க மட்டும் இல்லன்னா இன்னைக்கு என்ன ஆகிருக்கும்!” சொர்ணத்தம்மாள் எண்ணெய்த் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, “அனுபவம்னா அனுபவம்தான் அண்ணாச்சி, படிச்சவன் படிச்சாலும் பட்டறிஞ்சவன் மாதிரி வருமா?” என்றார். பத்து நிமிஷத்தில் தண்ணீர் வெதுவெதுத்தது, கால்மணி நேரத்தில் கை பொறுக்காமல் சுட்டது. இவரை உள்ளே கூட்டிப்போய், மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கம்பளியைப் போர்த்தினார்கள். கோமதி சின்ன மேடைக்குமுன் முதுகைக் காட்டிக்கொண்டு சீயக்காய்ப் பொடியைக் கஞ்சியில் குழைத்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த பிரஷைப் பற்றி யாரும் பேசவில்லை. இவரும் பேசவில்லை. “இனிமேலாவது எதைத் தொட்டாலும் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடு,” என்று ராஜவேல் அவளைப் பார்த்துச் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைக் கேட்டதுதான், சங்கரநயினார் கம்பளியை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

“மாப்பிள்ளை, சுவிட்சைப் போட்டது நான்தான்.” சொல்லிவிட்டார். இவ்வளவு லேசாகவா இருந்தது இது! “காலைல ஆறு மணிக்கு. சம்பந்தியம்மாவுக்கு வெந்நீர் போடலாம்னு நான்தான் போட்டேன். தொட்டியில தண்ணி இல்லன்னு எனக்குத் தோணல. எலிமெண்ட் கருகினது என்னால. கோமதி தொடவே இல்ல. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அவளைத் திட்டு வாங்க விட்டுட்டேன்.” ராஜவேல் அவரைப் பார்த்தார், கோமதியின் முதுகைப் பார்த்தார், மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். “மாமா, விடுங்க மாமா. நான் இனி அவளை ஒண்ணும் சொல்லல, போதுமா?” “இல்ல மாப்பிள்ளை, நெசமாத்தான் சொல்லுதேன்.” “முப்பத்திநாலு வருஷ சர்வீஸ் மாமா உங்களுக்கு. நீங்களாவது, காலித் தொட்டிக்கு சுவிட்ச் போடுறதாவது!” சொர்ணத்தம்மாள் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “பெத்த மனசு பாத்தியா ராசா. மக மேல ஒரு பழிச்சொல் விழக்கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிடுதாவ. நல்ல தகப்பன்.” “ஐயோ, சம்பந்தியம்மா, எம்பிள்ளை தலையில அடிச்சு சத்தியமா சொல்லுதேன்...” “சத்தியமெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? அதுவும் பொய்ச் சத்தியம், பிள்ளைக்கு ஆகாது.” ராஜவேல் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். அரை மணி நேரத்துக்கு முந்தி சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நுரையோடு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். “பாரு கோமதி,” என்றார் ராஜவேல், “நீ செஞ்ச வேலைக்கு மாமா இந்த வயசில பொய் சொல்லவேண்டியிருக்கு.”

சங்கரநயினார் மகளின் முதுகைப் பார்த்தார். திரும்பு, திரும்பி ‘ஆமா, எங்கப்பாதான் போட்டாரு, எனக்குத் தெரியும்’ என்று சொல்லு தாயி. உன் வாயால் சொன்னால் நம்புவார்கள். சொல்லு. கோமதி சீயக்காயைக் குழைப்பதை நிறுத்தவில்லை. கையை ஒரு தரம் வழித்துவிட்டுக்கொண்டாள்.

“தண்ணி ஆறுது, வாங்க அத்தை,” என்றாள், அரைப்படி கூடப் போட்டுட்டேன் போல என்று சொன்ன நாச்சியாரின் அதே குரலில். “நான்தான் போட்டேன். எங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.”